அரசாணிக்காலைக் கிள்ளிப் பார்த்தவர்கள்

“…பட்டுப்போச்சுன்னு நான் சொல்லல. என் வாயால அத சொல்ல மாட்டேன். ஆனா பட்டுப்போச்சு,” என்றார் என் மாமியார், மதிலோரம் நின்ற கொம்பைப் பார்த்தபடி. நான் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. கொம்புக்கும் அதே வயதுதான்.

கொம்பு என்பது எங்கள் கல்யாணத்து அரசாணிக்கால். கல்யாண முருங்கைக் கிளை. தை மாதம் மண்டபத்தில் நட்டார்கள். மண்டபத்தில் மண் ஏது? பெயிண்ட் டப்பாவில் மணல் நிரப்பி நட்டார்கள். மூன்றாம் நாள் முதலியார்பேட்டை வீட்டுக்குக் கொண்டுவந்து, குளியலறைக்கும் மதிலுக்கும் நடுவில் மிச்சமிருந்த இரண்டடி மண்ணில் ஊன்றினார்கள். அது துளிர்த்தால் வந்த பெண் ராசிக்காரி. துளிர்க்காவிட்டால் என்னவென்று யாரும் சொல்லவில்லை. என் கணவர் மட்டும், “அது மேல துணி காயப்போடாத” என்றார்.

மாசி பிறந்தது. துளிர் வரவில்லை, ஆட்கள் வந்தார்கள். எல்லோருக்கும் ஒரே வைத்தியம்தான் தெரியும். கட்டைவிரல் நகத்தால் பட்டையைக் கிள்ளுவது. உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. கேஸ் சிலிண்டர் போட வந்தவர் கிள்ளிப் பார்த்து, “ஈரம் இருக்குதும்மா. ஆனா மனசு இல்ல” என்றார். மீட்டர் பார்க்க வந்தவர், “தூங்குது, எழுப்பாதீங்க” என்று சொல்லிவிட்டு இன்னொரு முறை கிள்ளினார். மாமனாரின் அக்கா, மாமியாருக்கு அண்ணி, ஞாயிறுதோறும் நெல்லித்தோப்பிலிருந்து வந்து கிள்ளினார். அந்த வீட்டில் அவர் சொன்னால் சொன்னதுதான். போன ஞாயிறு, “பழுப்படிக்குது” என்றார். சொல்லும்போது கொம்பைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

மரத்துக்குள் நீர் ஏறுவதைப் பற்றிப் பிற்பாடு நானாகத் தேடித் தெரிந்துகொண்டது இது. மேலே இருக்கிற இலைதான் தண்ணீரை இழுக்கிறது. பனிக்காலத்தில் இலையைக் கொட்டிய மரத்துக்குள் ஓட்டம் அடங்கிவிடும். வெயில் ஏறி, கணுக்கள் வீங்கும்போதுதான் மறுபடி ஓட ஆரம்பிக்கும். வெட்டி வந்த கொம்புக்கோ வேரும் கிடையாது. உள்ளே வைத்திருக்கிற சாற்றைச் செட்டாகச் செலவழித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். பட்டைக்கடியில் பச்சையாகத் தெரிகிற மெல்லிய தோலை ஒட்டித்தான் அந்தச் சாறு போகிற வழி. அதைத்தான் ஆளாளுக்குக் கிள்ளி எடுத்து, வழி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தோம். பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று எழுத ஆசைதான். நானும் இரண்டு முறை கிள்ளினேன்.

அன்றைக்கு எனக்கு இதெல்லாம் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை, மாமனாரின் அக்கா வருகிற நேரம் என்பது மட்டும் தெரியும். மாமியாரே பட்டுப்போச்சு என்று சொன்ன பிறகு அவரிடம் என் பக்கம் பேச யாரிருக்கிறார்கள்? துணி எடுக்க மாடிக்குப் போகிற சாக்கில், “அத்த, நீங்களும் கொஞ்சம் வாங்களேன்” என்று கூப்பிட்டேன்.

மாடியிலிருந்து பார்த்தால் அடுத்த தெரு சொல்தா வீடு தெரியும். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர் வீடு என்பதால் அந்தப் பெயர். எங்கள் கொம்பு அந்த வீட்டு மரத்தில் வெட்டியதுதான். பங்குனி வெயிலில் மரம் நெடுக ரத்தச் சிவப்பாகப் பூ. இலை என்று பார்த்தால் ஒன்றுகூட இல்லை.

“அத்த, தாயே இன்னும் எல போடல. அதுங்கிட்டேர்ந்து வெட்டியாந்த புள்ள எப்படிப் போடும்?”

“பூத்திருக்குதே.”

“பூ மட்டுந்தான் அத்த.”

மாமியார் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டார். பிறகு மரத்திடம் சொல்வது போலச் சொன்னார்: “எங்க கல்யாணத்துக் கொம்பு எட்டாம் நாளே துளுத்துது. நாலு வருசம் புள்ள இல்ல. எங்க அண்ணி ஞாயித்துக்கெழம தவறாம வந்து என்னத்தான் பாத்துக்கினு இருந்தாங்க. கொம்ப ஒருத்தரும் பாக்கல.”

நான் துணிகளை மடித்துக்கொண்டிருந்தேன்.

நாங்கள் இறங்கி வந்தபோது மாமனாரின் அக்கா வந்திருந்தார். காப்பி குடித்தார், டம்ளரைக் கழுவி வைத்தார், கட்டைவிரலைப் புடவையில் துடைத்துக்கொண்டு மதிலோரம் போனார். மாமியார் என் கையிலிருந்த துணிகளிலிருந்து தன்னுடைய நைந்த நூல்புடவை ஒன்றை உருவிக்கொண்டு அவரைத் தாண்டிப் போனார். கொம்பை அடியிலிருந்து, கை எட்டுகிற உயரம் வரைக்கும், இடைவெளி விடாமல் சுற்ற ஆரம்பித்தார்.

“என்ன பண்ற?”

“அதுக்குக் குளிருதாம், அண்ணி.”

அண்ணியின் நெற்றியிலிருந்து வேர்வை சொட்டிக்கொண்டிருந்தது. மாமியார் அந்தப் புடவையின் முந்தானையைக் கிழித்து முடிச்சுப் போட்டார். இழுத்துப் பார்த்துவிட்டு, அதன்மேல் இன்னொரு முடிச்சும் போட்டார்.