நாற்பது பக்கமும் ஒரு வயலும்

1991 கார்த்திகை, திங்கட்கிழமை. மதுரையில் ஏறிய செங்கோட்டை பாசஞ்சர் என்னை இராஜபாளையத்தில் இறக்கிவிட்டபோது மணி ஒன்பதரை. நான் கல்லூரி ஆசிரியை; லத்தீன் இலக்கியம் தமிழுக்குள் வந்த கதைதான் என் ஆய்வு. ஆய்வேட்டைக் கொடுக்க எட்டே நாள் இருந்தது.

இவ்வூர் மில் குமாஸ்தா ஒருவர், இளமையில் பாதிரியாராவதற்குக் குருமடத்தில் படித்துப் பாதியில் வெளியேறியவர், பழைய லத்தீன் உழவுப் பாட்டொன்றைத் தமிழாக்கியிருந்தார். நான்கு பக்க ஜெராக்ஸில் பல வரிகள் அடிக்கப்பட்டிருந்தன. திருச்சபைக்குப் பயந்து அடித்தார் என்று நாற்பது பக்கம் எழுதிவிட்டேன். மூலநோட்டைப் பார்க்காதது உறுத்தியதால் கிளம்பினேன்.

பத்து மணி. குமாஸ்தா முன்பே காலமாகிவிட்டார் என்று அவர் வீட்டுக்குப் போனபோதுதான் தெரிந்தது. அவருடைய மகன் அருள்ராஜ் பேண்டேஜ் துணி யூனிட் நடத்துகிறார். நோட்டுகளை மேசையில் வைத்தார். வரிகளை ஏன் அடித்தார் என்று கேட்டேன்.

"அடிச்சது அப்பாதான் டீச்சர். அடிக்கச் சொன்னது வத்திராயிருப்புல வயல் வேலை பாக்குற செல்லத்தாய். அவியளக் கேக்காம அப்பா ஒரு வரி வைக்க மாட்டாவ."

என் நாற்பது பக்கமும் தப்பு என்று புரிந்தது. பேசாமல் ஊர் திரும்பியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அப்படி விடுகிற புத்தி எனக்கில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பதினோரு கிலோமீட்டர், ஒன்றரை ரூபாய். பால்கோவாவை எதிர்பார்க்கும் வாசகர்கள் மன்னிக்கவும். பஸ் மாறத்தான் நேரமிருந்தது. அங்கிருந்து வத்திராயிருப்புக்கு மூன்று ரூபாய். நின்றுகொண்டேதான் போனேன்.

பன்னிரண்டேகால். செல்லத்தாய்க்கு ஐம்பது வயதிருக்கும். களையெடுத்துக்கொண்டிருந்தவர் வரப்புக்கு வந்தார்.

"சாரு ஞாயித்துக்கிழமதோறும் வருவாவ. அவிய வாசிப்பாவ, நான் வேலையப் பாத்துக்கிட்டே கேப்பேன். செத்த மாட்டுக்குள்ள தேனீ பொறக்கும்னு ஒருநா வாசிச்சாவ. இம்புட்டுப் பொய் ஆகாது சாரு, அடிச்சிருங்கன்னேன். அடிச்சிட்டாவ."

ஜெராக்ஸில் அடிபட்டிருந்த வரிகளை ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினேன். ஒவ்வொன்றுக்கும் காரணம் வைத்திருந்தார். கடைசியில் நான் எழுதியிருந்ததையும் சொன்னேன். வெட்கமாக இருந்தது.

அவர் சிரிக்கவில்லை. "அவிய யாருக்கும் பயந்து நான் பாத்ததில்ல. அதையும் அடிச்சிருங்க டீச்சர்."

மூன்றே முக்கால். ஸ்ரீவில்லிபுத்தூர் எஸ்.டி.டி. பூத்திலிருந்து என் ஆய்வு வழிகாட்டியைக் கூப்பிட்டேன். அத்தியாயம் முழுக்கத் தப்பு, திரும்ப எழுதப் போகிறேன் என்றேன்.

"எட்டு நாள்லயா? அவசரத்துல எழுதினா மறுபடி தப்பு வரும். யாரும்மா உட்கார்ந்து சரிபார்க்கப் போறாங்க?"

"ஆள் இருக்காங்க சார். ஞாயித்துக்கிழமை வாசிச்சுக் காட்டப் போறேன். அடிக்கச் சொன்னா அடிச்சிடுவேன்."