வந்தவரும் வரப்போகிறவரும்

கன்னியாகுமரியில் விடாத மழை. பஸ் நிறுத்தத்தில் என்னோடு ஒருத்தி மட்டும் நிற்கிறாள். பெயர் ஸ்டெல்லா, மீனவக் குடும்பம். எருசலேமில் ஒரு யூத மூதாட்டியைப் பல வருடம் பராமரித்துவிட்டு ஊர் திரும்பியிருக்கிறாள்.

"மெசியா வந்து நமக்காக மரிச்சாரு, திரும்ப வருவாருன்னு நான் சொல்லுவேன். நான் பாத்துக்கிட்ட அம்மச்சி சிரிப்பா. 'இன்னும் வரல்ல மக்ளே. வாறவரு கடவுள் இல்ல, தாவீது வம்சத்து மனுசன். அவரு வந்தா பின்ன சண்டையே கிடையாது'ம்பா. அதுக்குள்ள சைரன் அடிக்கும். அவளைத் தாங்கிக்கிட்டு பதுங்கு அறைக்கு ஓடுவேன்."

"இப்போது அந்தப் பாட்டி?"

"போன மாசம் இறந்துட்டா."

ஸ்டெல்லா மழையையே பார்க்கிறாள்.

"இங்க எல்லாருக்கும் மெசியா வந்தாச்சு, அதோட தீந்துது. அங்க நாங்க ரெண்டு பேரும் காத்துக்கிட்டு இருந்தோம். இப்பம் நான் ஒத்தையிலயாக்கும்."

என் பஸ் வருகிறது. அவளிடம் தலையசைத்துவிட்டு ஏறிக்கொள்கிறேன்.