நீலக் கண்ணாடியில் பாலாறு

பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். ஆம்பூரில் எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம் வைத்துப் பேய் ஓட்டுவார்கள், நான் வெளியே நின்று பீடி பிடித்துக்கொண்டிருப்பேன். இன்றைக்கும் அப்படித்தான். இந்த ஒன்றை மட்டும் என்னால் தள்ள முடியவில்லை. நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் பக்கத்தைத் திருப்புங்கள், எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

எழுபதுகளின் கடைசி. எங்கள் பக்கத்தில் பிறந்தவன் தோல் பதனிடுகிற ஷாப்புக்குத்தான் போக வேண்டும், எனக்கு அந்த நாற்றம் ஆகாது, அதனால் வடக்கே ஒரு அலுமினியத் தொழிற்சாலைக்குப் போய்ச் சேர்ந்தேன். நிலக்கரி எரித்துத் தனக்கு வேண்டிய கரண்டைத் தானே செய்துகொள்கிற தொழிற்சாலை அது. அந்த பவர் ஹவுசில் பாய்லர் வேலை எனக்கு. கூட இருந்தவர் மேல்விஷாரம் யூசுப் பாய், என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். அத்தனை பேரில் தமிழ் பேச நாங்கள் இரண்டு பேர்தான், அதனால் ஒரே அறை, ஒரே சமையல், ஒரே ஷிப்ட்.

அலுமினியம் உருகிக் கிடக்கிற தொட்டிகளுக்குச் சில மணி நேரம் கரண்ட் நின்றால் போதும், எல்லாம் உள்ளேயே இறுகிவிடும், அப்புறம் உடைத்துத்தான் எடுக்க வேண்டும். அதனால் பாய்லரை நிறுத்தவே கூடாது. மனுஷன் நின்றுபோனால் பரவாயில்லை.

அன்றைக்கு மத்தியானம் பாய்லருக்குள் கிளிங்கர் கட்டிவிட்டது. மட்டமான கரியின் சாம்பல் உருகிப் பாறை மாதிரி இறுகி, உள்ளே உயரத்தில் குழாய்களைப் பிடித்துக்கொண்டு தொங்கும், அதுதான் கிளிங்கர். பாய்லரை அணைத்து ஆறவிட்டுத்தான் அதை உடைக்க வேண்டும். மேனேஜர் அடிக்கதவைத் திறந்து நீளக் கம்பியால் குத்தித் தள்ளச் சொன்னார். கீழே சாம்பல் விழுகிற தண்ணீர்த் தொட்டி, அதில் பழுக்கக் காய்ந்த பாறை விழுந்தால் கதவுக்கு எதிரில் நிற்கிறவன் கதி என்ன என்று அவருக்கும் தெரியும். முடியாதென்றால் ஊருக்கு டிக்கெட் எடுத்துக்கொள் என்றார்.

"மொறைக்காத சாமு," என்றார் யூசுப் பாய். "ஊருக்குப் போனா தோல்தான். உனக்குத்தான் மூக்கு ஜாஸ்தியாச்சே."

அவர் கம்பியோடு கீழே நின்றார். நான் மேல் தட்டில் ஏறி, சுவரில் இருக்கிற துளை வழியாகக் கிளிங்கர் அசைகிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். வெறும் கண்ணால் அந்த நெருப்பைப் பார்க்க முடியாது, கைப்பிடி போட்ட நீலக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு பார்ப்போம். தினமும் பார்க்கிறதுதான்.

பார்த்தேன். நெருப்பு இல்லை.

தண்ணீர். நீலமாக, கரைக்குக் கரை, அவசரமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. பாலாறு என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது, எப்படி என்று கேட்காதீர்கள், மணலாகவே பார்த்த ஆற்றைத் தண்ணீரோடு பார்த்தால் அடையாளம் தெரியாதா. பாய்லரின் இரைச்சல் எங்கேயோ போய்விட்டது. முகத்தைப் பொசுக்குகிற அந்தத் துளையிலிருந்து குளிர்ந்த காற்று வந்தது. நடு ஆற்றில் இடுப்பளவு தண்ணீரில் எங்கள் காக்கிச் சட்டையோடு ஒரு ஆள் முதுகைக் காட்டி நின்று, தண்ணீரைக் கையால் தடவிக்கொண்டிருந்தான், தூங்குகிற குழந்தையைத் தடவுகிற மாதிரி. எனக்கு நன்றாகத் தெரிந்த முதுகு. யூசுப் பாய். அவ்வளவு சுகமாக நின்றதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

எப்படி இறங்கினேன் என்று தெரியாது. கீழே வந்து கம்பியைப் பிடித்தேன்.

"கீழ போடு பாய்."

"இன்னாத்துக்கு?"

"உள்ள நீ நிக்கிற. தண்ணியில."

"மத்தியானமே ஏத்திக்கினியா?"

"மேல போயி நீயே பாரு. அப்புறம் பேசு."

சிரித்துக்கொண்டேதான் ஏறினார். கண்ணாடியை வைத்துக் குனிந்தவர் ரொம்ப நேரம் நிமிரவில்லை. இறங்கும்போது படிக்கட்டின் கைப்பிடியை விடாமல் ஒவ்வொரு படியாக இறங்கினார். என் மணிக்கட்டைப் பிடித்து, "வெளிய வா, பேசாம வா," என்றார். மேனேஜர் பின்னாலேயே வந்து எங்கள் அம்மாக்களை இந்தியில் திட்டினார், நாங்கள் நிற்கவில்லை, அவரும் திட்டிக்கொண்டே கரிக்குவியல் வரைக்கும் வந்துவிட்டார், அதனால்தான் அந்த ஆளும் பிழைத்தார்.

கிளிங்கர் தானாகவே விழுந்தது. அடிக்கதவு பிய்ந்து பறந்து, நெருப்புச் சாம்பலும் கொதிதண்ணீரும் வெளியே அடித்தன. யூசுப் பாய் நின்ற இரும்புத் தட்டு தகரம் மாதிரி சுருண்டு கிடந்தது. யாருக்கும் ஒன்றும் இல்லை. கரண்ட் போனது, தொட்டிகள் இறுகின, வேலையைப் போட்டுவிட்டு ஓடினோம் என்று எங்கள் இரண்டு பேரையும் நீக்கினார்கள். செத்திருந்தால் மாலை போட்டிருப்பார்கள், பிழைத்ததால் திருட்டுப் பசங்கள் மாதிரி வாசலில் பெட்டியைச் சோதித்து அனுப்பினார்கள்.

ரயிலில் அந்தக் கண்ணாடியைப் பற்றி இரண்டு பேரும் வாயே திறக்கவில்லை. நான் தோல் ஷாப்பிலேயே சேர்ந்தேன், நாற்றம் பழகிவிட்டது. யூசுப் பாயைக் காப்பாற்றினேன் என்று ஒரு திருப்தி மட்டும் இருந்தது.

சில வருஷம் கழித்து மேல்விஷாரத்தில் அவர் மகள் நிக்காஹ். பிரியாணி முடித்து உட்கார்ந்திருந்தபோது விளையாட்டாகச் சொன்னேன், "அன்னிக்கு நான் வந்து சொல்லலைன்னா நீ அவ்ளோதான் பாய்."

வெற்றிலையைக் கீழே வைத்தார். "நீ சொன்னதுக்காகவா வந்தேன்? நான் பார்த்தது உன்ன. பாலாத்துல முதுகு காட்டிக்கினு நின்ன. உன் பொண்டாட்டிக்கு நான் இன்னா பதில் சொல்றதுன்னுதான் இழுத்துக்கினு வந்தேன்."

தண்ணீர் என்று மட்டும்தான் அன்றைக்குச் சொன்னேன். பாலாறு என்று சொல்லவே இல்லை.

"மூஞ்சியப் பார்த்தியா?" என்றேன்.

"இல்ல. நீ?"

நானும் பார்க்கவில்லை. நன்றாகத் தெரிந்த முதுகு என்று நானாகத்தான் அவர் பெயரை வைத்துக்கொண்டேன். என் முதுகு எப்படி இருக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

இப்போதும் சலூனில் முடி வெட்டி முடித்ததும் பின்னால் ஒரு கண்ணாடியைப் பிடித்துக் காட்டுவார்கள் இல்லையா, அந்த நேரத்தில் கண்ணை மூடிக்கொள்வேன். "கரெக்டா இருக்காண்ணா?" என்று பையன் கேட்பான். கரெக்டாக இருக்கிறது என்று சொல்லிவிடுவேன்.