கண் சிவக்கவில்லை

என் தம்பி வெல்டர். பட்டறையில் அவனுக்குத் தையல்காரன் என்று பெயர். இரண்டு இரும்பை அவன் ஒட்டவைத்தால் மிஷின் தையல் போட்ட மாதிரி வரிசை பிசகாமல் இருக்கும். எங்கள் வீட்டு கேட்டைப் பார்த்துவிட்டு, யார் செய்தது என்று கேட்காமல் போனவர்கள் குறைவு. கேட்காதவர்களுக்கு நானே சொல்லிவிடுவேன்.

அவனுக்கு வைரஸ் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் விட்டதும், உடம்பு தேறுவதற்குள் வேலைக்குப் போய்விட்டான். அடுத்த வாரமே தலைவலி, பார்வை மங்கல். பட்டறையில் யாரும் பயப்படவில்லை. வெல்டிங் வெளிச்சம் கண்ணில் அடித்துவிட்டால் அவர்களுக்கு அப்படித்தான் ஆகும். உருளைக்கிழங்கை வில்லையாக நறுக்கிக் கண்மேல் வைத்துக்கொண்டு படுப்பார்கள். ஓரிரு நாளில் சரியாகிவிடும். தையல்காரன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு யாரை சைட் அடித்தான் என்று மேஸ்திரி கிண்டல் செய்து, வீட்டுக்கு அனுப்பிவைத்தார்.

நான்தான் நறுக்கிக் கொடுத்தேன். வலி தீரவில்லை. படுத்தால் கூடியது, எழுந்து உட்கார்ந்தால் கொஞ்சம் தணிந்தது. வாந்தி வேறு. வில்லையை மாற்றும்போதுதான் கவனித்தேன். கண் சிவக்கவே இல்லை. ஒரு சொட்டு நீர்கூட வடியவில்லை.

"வெளிச்சம் அடிச்ச கண்ணு இப்படியாடா வெள்ளையா இருக்கும்?"

"பட்டறையில வேலை பாக்குறது நானா, நீயா அக்கா?" என்றான்.

நான் கேட்கவில்லை, வண்டிக்குச் சொல்லி அனுப்பினேன். முனகிக்கொண்டே எழுந்து செருப்பைத் தேடியவன், வலிப்பு வந்து வாசலிலேயே விழுந்தான்.

ஸ்கேனைப் பார்த்த டாக்டரம்மா நிதானமாக விளக்கினார். வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகு அபூர்வமாகச் சிலருக்கு ரத்தம் கட்டிக்கொள்ளுமாம். இவனுக்கு மூளையிலிருந்து ரத்தம் இறங்கும் குழாயிலேயே அடைத்துவிட்டது. உள்ளே அழுத்தம் ஏறி, கண் நரம்பை நசுக்கியிருக்கிறது. உயிருக்குப் போராடிப் பார்க்கலாம், பார்வைக்கு வாக்குக் கொடுக்க முடியாது என்றார். மருந்தில் ரத்தக்கட்டு கரைந்தது. பார்வை திரும்பவில்லை. ஜன்னல் எந்தப் பக்கம் என்பது மட்டும் தெரிகிறது.

வீட்டுக்கு வந்த பிறகு பட்டறைக்காரர்கள் பார்க்க வந்தார்கள். மேஸ்திரி சுவரோரமாக நின்றார். தம்பிதான் பேச்சைத் தொடங்கினான்.

"இனிமே எனக்குக் கறுப்புக் கண்ணாடி செலவு மிச்சம் மேஸ்திரி. வெறுங்கண்ணாலேயே பத்த வைப்பேன்."

மேஸ்திரி அழுகை வெளியே கேட்காமல் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். தம்பி கொஞ்ச நேரம் காத்திருந்தான். பிறகு என் பக்கம் சாய்ந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"சிரிக்கிறாங்களா அக்கா?"

"சிரிக்கிறாங்கடா," என்றேன்.