சீர்வரிசைக்கு நடுவே ஒரு டி.ஜே.

போன வருஷம் ஆவணி மாதம், எங்கள் ஊரில் உப்பளம் பகுதியில் ஒரு கல்யாண மண்டபம். என் அக்காவின் ரிசப்ஷன். அன்று மதியம் நான் பட்ட எரிச்சலை இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது.

எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவன் நான். அக்கா பத்தாவதோடு நின்று, ஜவுளிக்கடையில் புடவை மடிக்கப் போனாள். அதனால்தான் நான் லாஸ்பேட்டையில் இன்ஜினீயரிங் படிக்க முடிந்தது. படிக்கும்போதே டி.ஜே. ஆசை தொற்றிக்கொண்டது. "இன்ஜினீயர் புள்ள கல்யாணத்துல பாட்டு போடறானாமே" என்று சொந்தக்காரர்கள் இழுத்து இழுத்துப் பேசுவார்கள். அக்கா மட்டும் பேசமாட்டாள். அவள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். அவளும் மாப்பிள்ளையும் மேடைக்கு ஆடிக்கொண்டே வர வேண்டும். அவளுக்குப் பிடித்த துள்ளலான காதல் பாட்டில் ஆரம்பித்து, வீராம்பட்டினத்து மாப்பிள்ளைக்குப் பிடித்த குத்துப் பாட்டுக்கு, கால் நிற்காமல் மாற வேண்டும்.

இது மந்திரமில்லை. ஒரு காதில் ஹெட்போன் வழியாக அடுத்த பாட்டு. இன்னொரு காதில் மண்டபத்தில் ஓடுகிற பாட்டு. இரண்டின் தாள அடியும் ஒன்றாக விழும்படி வேகத்தைச் சரிசெய்துவிட்டு மெல்லக் கலந்துவிட வேண்டும். அடி விலகினால் குதிரை ஓடுவதுபோல 'தடக் தடக்' என்று கேட்கும். டி.ஜே. மெஷினே சேர்த்துவைக்கும் பட்டன் உண்டு. ஆனால் மாப்பிள்ளையின் பாட்டு, ஆட்கள் கையால் பறை அடித்துப் பதிவுசெய்தது. வேகம் லேசாக ஏறி இறங்கும், பட்டன் குழம்பிவிடும். காதுதான் கதி. வீட்டில் பழகியபோது வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு மாறியது.

மண்டபத்தில் மேடைக்குப் பக்கத்தில் எனக்கு இடமே இல்லை. அங்கே சீர்வரிசை. கட்டில், பீரோ, ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் என்று எல்லாம் வீடியோவில் விழ வேண்டுமாம். தாய்மாமன் என் மேஜையைக் கொண்டுபோய்ச் சாப்பாட்டு ஹால் கதவோரம் போட்டார். ஸ்பீக்கர்கள் மேடையில், நான் மண்டபத்தின் கடைசிக் கோடியில்.

ஒத்திகைக்கு அக்கா பாதி மேக்கப்போடு மேடையில் நின்றாள். கலந்துவிட்டேன். தடக் தடக். மறுபடியும் தடக் தடக். 'தும் தும்' என்ற கனமான அடி சுவரில் மோதிக் குழப்புகிறது என்று நினைத்து, அதை விட்டுவிட்டுப் பாட்டில் வரும் கைதட்டல் சத்தத்தைப் பிடித்துச் சேர்த்தேன். என் காதில் கச்சிதமாகச் சேர்கிறது. கலந்தால் அதே குதிரை! நடுவில் சித்தி வந்து, "கண்ணு, ஒரு சாமி பாட்டு போடேன்" என்கிறாள். பெரியப்பா போனை என் மூக்குக்கு நேரே நீட்டி, ஒரு பழைய பாட்டைக் கேட்கிறார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

சவுண்ட் சர்வீஸ் அண்ணனைக் கூப்பிட்டு, உங்கள் வயரில்தான் கோளாறு என்று கத்தினேன். அவர் எல்லாவற்றையும் பிடுங்கிச் செருகிவிட்டு, "தம்பி, என் வயரு பேசாம வேல செய்யுது. நீதான் பேசிக்கினே இருக்க" என்று போய்விட்டார்.

அக்கா மேடைக்குக் கூப்பிட்டுச் சொன்னாள்: "முடியலன்னா வுட்டுடுடா. ஒரே பாட்டுல நடந்து வந்துடறோம்." திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். சமாதானமாகச் சொன்னாள்.

என் மேஜைக்குத் திரும்பி வந்து, அங்கிருந்து அவளையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவளுடைய பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அதற்கேற்பக் கைதட்டித் தட்டி அடி எண்ணிக்கொண்டிருந்தாள். அவள் கைகள் சேர்ந்தன, பாட்டின் தட்டல் சத்தம் என் காதுக்கு அதற்குப் பிறகு வந்தது. மறுபடியும் கை முன்னால், சத்தம் பின்னால்.

தலையில் அடித்துக்கொண்டேன். மேடையிலிருந்து சத்தம் இந்தக் கோடிக்கு வந்து சேரவே நேரமாகிறது. ஹெட்போனில் இருப்பதோ உடனே கேட்கிறது. நான் தாமதமாக வரும் பாட்டோடு அடுத்த பாட்டைச் சேர்த்துக்கொண்டிருந்தேன். கலந்ததும் இரண்டும் ஒரே ஸ்பீக்கரிலிருந்து வரும்போது, அந்தத் தாமதத்தின் அளவுக்கு அடி விலகிவிடுகிறது. ஒலியின் வேகத்தைப் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவன் நான்!

என் டி.ஜே. மெஷினைத் தூக்கிக்கொண்டு மேடைக்கு ஓடினேன். அங்கே தட்டையாகக் கிடைத்த ஒரே இடம் வாஷிங் மெஷினின் அட்டைப்பெட்டி. தாய்மாமன் பாய்ந்து வந்தார். "மஞ்சா குங்குமம் வெச்ச சீரு மேல இதத் தூக்கி வெக்கறியே! மாப்ள வூட்டுக்காரங்க என்னா நெனப்பாங்க?"

அக்கா அசையவில்லை. "எனக்கு வந்த சீருதானே மாமா. வெக்கட்டும்."

சாயங்காலம் ஃப்ரிட்ஜுக்கும் பீரோவுக்கும் நடுவில் நின்றேன். அவள் பாட்டின் கைதட்டலையும், மாப்பிள்ளை பாட்டில் பறையின் மேல் மெல்லிய குச்சி விழும் 'சடக்'கையும் மட்டும் கேட்டேன். இரண்டும் ஒரே சத்தமாக ஆன இடத்தில் கலந்துவிட்டேன். அக்காவின் கால் நிற்கவில்லை. என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, அந்த அளவுக்கு ஆட்டத்தில் இருந்தாள். தாய்மாமன்கூடச் சீருக்குக் காவல் நிற்பதை விட்டுவிட்டுத் துண்டைச் சுழற்றினார்.

பிறகு சவுண்ட் அண்ணனிடம் மன்னிப்புக் கேட்டேன். "வயருகிட்ட கேளு" என்றார்.

இப்போதும் எதுவும் சரியாக வராதபோது எதிரில் இருப்பவர்மேல்தான் எனக்கு முதலில் எரிச்சல் வருகிறது. ஆனால் வாயைத் திறப்பதற்கு முன், நான் நிற்கிற இடத்திலிருந்து நாலடி நகர்ந்து போய் ஒருமுறை கேட்டுப் பார்க்க வேண்டும் என்பதும் கூடவே நினைவுக்கு வந்துவிடுகிறது.