சம்பந்தி வீட்டுத் தூக்குவாளி

“அம்மா, நீ ஒண்ணுமே கொண்டு வராதே. சும்மா வந்தாப் போதும்.”

கனடாவில் இருக்கும் என் மகள் கலா போனில் இப்படிச் சொன்னபோதே எனக்குச் சுருக்கென்றது. யார் சொல்வது? ஊருக்கு வந்தால் மலைப்பூண்டு, மிளகு, காபித்தூள் என்று பெட்டியே வெடிக்கிற அளவுக்கு அள்ளிக்கொண்டு போகிறவள். அவளுக்கு ஒண்ணுமே வேண்டாமாம்...

“பெட்டி பெருசா எடுத்துட்டு வா. காலியா கொண்டா. ஒனக்கு நாலு ஸ்வெட்டர், ரெண்டு பூட்ஸ் வாங்கி வெச்சிருக்கேன்.”

இரண்டு மாசத்துக்கு வருகிறவளுக்கு நாலு ஸ்வெட்டர் எதற்கு? அதுவும் மலைமேல் பள்ளங்கியில் பிறந்து, குளிரிலேயே பல் விளக்கி வளர்ந்தவளுக்கு?

“சரி ஆத்தா, திரும்பி வர டிக்கெட் என்னைக்கு?”

“அத அப்புறம் பாத்துக்கலாம்மா. விசாதான் நெறைய நாளைக்கு இருக்குல்ல. ஆமா... அந்தப் பூண்டுக் காட்டக் குத்தகைக்கு விட்டா என்ன?”

அவ்வளவுதான். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இது விருந்துக்குக் கூப்பிடுகிற குரல் இல்லை. ஆளைப் பிடித்துப் போடுகிற குரல்.

ஐப்பசியில் நான் பூண்டு ஊன்ற வேண்டும். விதைப்பூண்டு அடுப்புக்கு மேலே புகையில் தொங்குகிறது. என்னைக் கொண்டுபோய்க் கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் உட்கார வைத்துவிட்டால் அதை யார் ஊன்றுவது?

அதற்காக மகளைப் பார்க்கப் போகாமல் இருக்க முடியுமா? மூணு வருஷமாகிறது. போகணும். ஆனால் திரும்பி வரணும்.

என்ன கொண்டுபோகலாம் என்று பக்கத்து வீடுகளில் கேட்டேன். ஒருத்தி முறுக்கு என்றாள். ஒருத்தி சேலை என்றாள். எல்லாம் நல்ல சாமான்தான். ஆனால் தின்றது திரும்பி வருமா? கட்டினது திரும்பி வருமா? எனக்கு வேண்டியது, போனால் வந்தே தீரவேண்டிய ஒரு சாமான்.

யோசித்தேன். அடுத்த நாள் வெள்ளனே கிளம்பி, ரெண்டு பஸ் மாறிப் பண்ணைக்காட்டுக்குப் போய்விட்டேன் — சம்பந்தி மரகதம் வீட்டுக்கு. கலாவின் மாமியார்.

“மதினி, ஒங்க மகனுக்கு ஒங்க தோட்டத்து மிளகு கொஞ்சம் குடுத்து விடுங்க. கையோட கொண்டு போறேன்.”

மரகதம் என்னை மேலும் கீழும் பார்த்தார். “என்ன மதினி, நீங்களா தேடி வந்து கேக்குறீங்க? என்ன சங்கதி?”

“ஒண்ணுமில்ல மதினி. மாப்பிள்ளைக்குச் சொந்தத் தோட்டத்து மிளகுன்னா ஆசையா இருக்கும்ல.”

அவர் நம்பவில்லை. நானாக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். ஆனாலும் உள்ளே போய் மிளகை எடுத்து ஒரு கவரில் கொட்டப் போனார்.

“கவரெல்லாம் கிழிஞ்சிரும் மதினி. அந்தத் தூக்குவாளியிலயே போட்டுக் குடுங்க.”

பழைய கனமான எவர்சில்வர் வாளி. வயிற்றில் ‘ப. மரகதம்’ என்று பேர் வெட்டியிருக்கிறது.

“இது எங்கம்மா சீராக் குடுத்தது மதினி. பத்திரம். நீங்களே கொண்டாந்து என் கையில தரணும்.”

“நானேதான் கொண்டாருவேன் மதினி.” என் ஆயுசில் இத்தனை மனசாரச் சொன்ன வார்த்தை வேறு இல்லை.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு வீட்டுப் பாத்திரம் நிறைந்து போனால் வெறுமனே திரும்பக் கூடாது. தூக்கிப் போன கையேதான் திருப்பித் தரணும். அதுவும் சம்பந்தி வீட்டுப் பாத்திரம் என்றால் கேட்கவே வேண்டாம்.

கனடாவில் பெட்டியைத் திறந்ததும் கலா முகத்தைச் சுளித்தாள். “இத எதுக்கும்மா தூக்கிட்டு வந்த? கவர்ல போட்டிருக்கலாம்ல?”

வாளியைத் திருப்பினாள். பேரைப் படித்தாள். என்னைப் பார்த்தாள். நான் கூரையில் சுற்றாத ஃபேனைப் பார்த்தேன். என் மகள்தானே... புரிந்துகொண்டாள்.

ஒரு மாசம் திரும்புகிற டிக்கெட்டைப் பற்றிப் பேச்சே எழவில்லை. மிளகு மட்டும் குறைந்துகொண்டே வந்தது. தீர்ந்த அன்றைக்கு நான் வாளியைத் தேய்த்துக் கழுவி, அவள் கண்ணில் படுகிற இடத்தில் கவிழ்த்து வைத்தேன்.

“இத கூரியர்ல அனுப்பிருவோம்மா” என்றாள்.

“தாராளமா அனுப்பு. ஒங்க மாமியாருக்கு ஒரு வார்த்த சொல்லிரு.”

மாமியாருக்குப் போன் போட்டாள், ஸ்பீக்கரில்.

“ஏம்மா கலா, பார்சல்ல வர்றதுக்கு அது என்ன கடச் சாமானா? ஒங்கம்மாவுக்கு ஒடம்பு கிடம்பு முடியலையா?”

“நல்லாத்தான் இருக்காங்கத்தே.”

“அப்ப அவங்க கையில குடுத்து விட வேண்டியதுதான? இதுக்கு எதுக்குப் போன்?”

கலா போனை வைத்துவிட்டு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள். ஜெயித்துவிட்டேன் என்று நான் சிரிக்கப் போன நேரம், அவள் கண் கலங்கியிருந்தது.

“நீ அங்க ஒத்தையில கெடக்க. காட்டுல வழுக்கி விழுந்தா யாரு பாப்பா? ஒரு தடவ நீ போன் எடுக்கலேன்னா, எனக்கு இங்க சோலி ஓட மாட்டேங்குதும்மா.”

பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். காட்டுக்குப் போகும்போது போனை நான் வீட்டிலேயே தகர டப்பாவில் போட்டு மூடி வைப்பது அவளுக்கு எப்படித் தெரியும்? மூணு வருஷமாக அவள் பயந்துகொண்டே இருந்திருக்கிறாள்.

“காலைல ஒருக்கா, பொழுது சாய ஒருக்கா... நானே கூப்பிடுறேன். காட்டுக்குப் போறப்ப போன் இடுப்புலதான் இருக்கும். போதுமா?”

“ஐப்பசி முடிஞ்சதும் மறுபடி வரணும்.”

“பூண்டு மொளைக்கட்டும், வாரேன்.”

அன்றைக்கே டிக்கெட் போட்டாள். வாளி நிறைய பாதாமும் முந்திரியும் அவளே நிரப்பினாள்.

அந்நிய தேசத்துச் சொந்தக்காரர்களுக்கு என்ன வாங்கிப் போகலாம் என்று மண்டையை உடைத்துக்கொள்கிறவர்களே... அவர்களுக்கு எது பிடிக்கும் என்பது இருக்கட்டும். அவர்கள் எதற்குப் பயப்படுகிறார்கள் என்று கேட்டீர்களா? நான் கேட்கவில்லை. சந்தேகம்தான் பட்டேன்.

இப்போது பள்ளங்கியில்தான் இருக்கிறேன். பூண்டு ஊன்றியாகிவிட்டது. இரண்டு வேளையும் போன் பேசுகிறேன். மகள் மேல் இருந்த சந்தேகம் முழுக்கத் தீர்ந்துவிட்டது.

ஆனால் ஒன்று... நான் கிளம்பின அன்றைக்கு, சாயங்கால ஃப்ளைட்டுக்குக் காலையிலேயே காரை வாசலில் எடுத்து நிறுத்தி, “போலாமா அத்தை?” என்று சிரித்த முகமாகக் கேட்ட மாப்பிள்ளையைத்தான் இனிமேல் கொஞ்சம் விசாரிக்கணும்.