அண்ணாச்சிக்கு நான் கொடுத்த சுறா

பல் டாக்டரிடம் போய், "ரெண்டு பல்லுதானே, சும்மா பிடுங்கிப் போடும்" என்று யாரும் கேட்பதில்லை; எழுதுகிறவனிடம் மட்டும் ஊரே வந்து "நாலு வரிதானே" என்று நிற்கும்.

தூத்துக்குடியில் நான் கூலிக்கு எழுதுகிறவன். கல்யாணப் பத்திரிகை, கடைத் திறப்பு நோட்டீஸ், மேடைப் பேச்சு, கண்ணீர் அஞ்சலி, எதுவானாலும் சரி. என் அஞ்சலியைப் படித்துவிட்டுச் செத்தவரே எழுந்து உட்கார்ந்து நன்றி சொன்னார் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டதும் நான்தான். இதே தொழிலில் அவதிப்படும் சகோதரர்களே, உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்ல?

முந்திரியும் வார்த்தையும்

பேக்கரிக்காரர் ஒருவர் மக்ரூன் டப்பாவின் மேல் போட ஒரு வரி கேட்டார். நாலு நாள் யோசித்து, படித்தவுடனே வாயில் கரைகிற மாதிரி ஒரு வரி கொடுத்தேன். ரொம்பப் பிடித்துப்போய்க் கடை வாசலிலும் அதையே எழுதி வைத்தார். கூலிப் பேச்சை எடுத்ததும் மனிதர் நிஜமாகவே அதிர்ந்துபோனார்.

"என்னவே இது! முந்திரிக்கு விலை இருக்கு, முட்டைக்கு விலை இருக்கு. வார்த்தை உம்ம வாயில சும்மாதானே கெடக்கு?"

வாழ்ந்தது பாதி, எழுதுவது மீதி

அதற்குப் பிறகுதான் கருப்பட்டிக் கடை அண்ணாச்சி கூப்பிட்டு அனுப்பினார். எழுபத்தைந்தாவது பிறந்தநாள் விழாவில் தன் வாழ்க்கை வரலாறு புத்தகமாக வரவேண்டும் என்றார். இந்தத் தடவை நான் கூலியே கேட்கவில்லை. இத்தனை வருசம் ஊருக்கெல்லாம் எழுதியாயிற்று, என் பேர் எதிலும் வந்ததில்லை. "அட்டையில ஒரு மூலையில என் பேரு மட்டும் வந்தாப் போதும் அண்ணாச்சி" என்றேன்.

அவர் மோட்டுவளையைப் பார்த்தார். கடலில் பாதிப் பங்கு கேட்டவனைப் பார்ப்பது போல என்னையும் பார்த்தார். "எழுதும். நல்லா வந்தாப் போடுதேன்" என்று ஒருவழியாக ஒத்துக்கொண்டு, நான் படியிறங்கும்போது முதுகுக்குப் பின்னால் சொன்னார்:

"இதுல கஷ்டமான பாதிய நான் வாழ்ந்தே முடிச்சிட்டேன்வே. மீதி எழுதுறது மட்டுந்தானே!"

சுறா வந்தது

உட்கார்ந்து கேட்டால், அவர் வாழ்க்கையில் காலையில் கடையைத் திறந்தார், ராத்திரி பூட்டினார். அவ்வளவுதான். பக்கம் பக்கமாக ஷட்டரையே ஏற்றி இறக்கினால் யார் படிப்பார்கள்? ஆகவே அண்ணாச்சியை இளவட்ட வயதில் சங்கு குளிக்க அனுப்பினேன். கடலடியில் ஒரு சுறாவையும் ஏவிவிட்டேன். மேலே வள்ளத்தில் நின்று இடுப்புக் கயிற்றை இழுத்து அவர் உயிரைக் காப்பாற்ற ஓர் ஆள் வேண்டுமே?

அண்ணாச்சிக்கு ஒரு தம்பி உண்டு. கடையைப் பாகம் பிரித்த தகராறில் பேச்சு நின்று, எதிரிலேயே அவரும் கருப்பட்டிக் கடை போட்டிருக்கிறார். அண்ணாச்சி சொன்ன கதையில் தம்பி என்ற சொல்லே வரவில்லை. ஆனால் கதை சொல்வதை நிறுத்திய இடத்திலெல்லாம் அவர் கண் எதிர்க்கடைக்குப் போய் வந்தது. அதனால் கயிற்றைத் தம்பி கையில் கொடுத்து, உள்ளங்கை கிழிய இழுக்கவைத்தேன்.

அண்ணாச்சி அந்தப் பக்கங்களைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திட்டப்போகிறார் என்று நான் செருப்பில் காலை நுழைத்தேன்.

"எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்கீரு. ஆனா அந்தச் சுறா இன்னும் கொஞ்சம் பெருசுவே."

மருமகன் போன்

அண்ணாச்சியின் மருமகன் துறைமுகத்தில் வேலை பார்க்கிறவர். என்னைக் கண்டாலே அவருக்குச் சிரிப்பு. "இதுக்குப் போயி ஒரு ஆளா? போன்ல கேட்டா டீ ஆறுறதுக்குள்ள எழுதிரும் மாமா" என்று என் முன்னாலேயே போனில் தட்டி வாசித்துக் காட்டினார். உழைப்பு, நேர்மை, விடாமுயற்சி என்று அது பாட்டுக்கு ஓடியது. ஊரில் எந்தக் கடைக்காரருக்கு வேண்டுமானாலும் சட்டை மாதிரி மாட்டிவிடலாம்.

என் பேர் மூலையோடு போயிற்று என்று நினைத்தேன். அண்ணாச்சி கடைசிவரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, பவ்யமாகக் கேட்டார்:

"எல்லாம் இருக்கு மாப்ளே, என் சுறாவைக் காணுமே?"

மச்சானுக்குக் காய்ச்சல்

புத்தகம் அச்சாகும் முன்பே சுறாப் பக்கங்களின் கையெழுத்துப் பிரதி ஒன்று எதிர்க்கடைக்குப் போய்விட்டது. கொண்டுபோனது யாரென்று கேட்காதீர்கள், நான்தான். விழா மேடையில் சுறாப் பக்கங்களை வாசித்து முடித்த நேரம், தம்பி மண்டபத்தில் வந்து நின்றார். அண்ணாச்சி மேடையிலிருந்து இறங்கி ஓடினார். இருவரும் கட்டிக்கொண்டு அழுதார்கள்.

அப்போதுதான் பின்வரிசையில், அந்தக் காலத்தில் நிஜமாகவே சங்கு குளித்த ஒரு பெரியவர் எழுந்தார். "அதெப்படிவே? கடல்ல இறங்குறவன் கயித்த மச்சான்லா பிடிப்பான்? அக்கா தங்கச்சி தாலி போயிருமேன்னு உசுரக் கொடுத்து இழுப்பான். தம்பி கைல கொடுத்தா, பாகத்துக்கு ஒரு ஆளு கொறஞ்சுதுன்னு விட்டுருவாம்லா!"

பாகம் என்ற சொல் விழுந்ததும் தம்பியின் முகம் கறுத்தது. அண்ணாச்சியின் கை தளர்ந்தது. நான் எழுந்து, "ஐயா, அது என் கற்பனை" என்று சொல்லியிருந்தால், எழுதியவன் யாரென்று ஊருக்கே அன்றைக்குத் தெரிந்திருக்கும். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் சொன்னால் இரண்டு கடைக்கும் நடுவில் மறுபடி சுவர்தான். அந்தக் கணத்தில் தம்பி கத்தினார்: "அன்னைக்கு மச்சானுக்குக் காய்ச்சல்வே! நாந்தான் இழுத்தேன். இந்தா பாரும் தழும்பு!" கருப்பட்டிச் சிப்பம் கட்டிக் கட்டி வந்த தழும்பு அது. முன்வரிசையிலிருந்த அண்ணாச்சியின் மச்சானும் எழுந்து, "ஆமா, கடுங்காய்ச்சல். எந்திரிக்கவே முடியல" என்றார். நான் எழுதியதோ அண்ணாச்சிக்குப் பெண் பார்க்கவே போகாத காலத்துக் கதை. இந்த மச்சானுக்கு அப்போது பால்பல்கூட விழுந்திருக்காது. பெரியவர், "அப்பச் சரி" என்று உட்கார்ந்துவிட்டார்.

பந்தி முடிந்து புத்தகம் என் கைக்கு வந்தது. நாலு மூலையையும் பார்த்தேன், பின்னட்டையையும் திருப்பினேன். ஒரு மூலையிலும் என் பேர் இல்லை. "நல்லா வந்தாப் போடுதேன்னு சொன்னீங்களே அண்ணாச்சி?" என்றேன். தம்பியின் தோளில் போட்ட கையை எடுக்காமலே அண்ணாச்சி சொன்னார்:

"நல்லாத்தான்வே வந்திருக்கு. ஆனா நடந்ததத்தானே எழுதியிருக்கீரு, இதுல உம்ம வேலை எங்க இருக்கு?"

ஆகவே சகோதரர்களே, நம் எழுத்து நன்றாக வந்திருக்கிறதா என்று தெரிந்துகொள்ள ஒரே வழி, அதை நாம்தான் எழுதினோம் என்பதை ஊரில் ஒருத்தரும் நம்பாமல் இருப்பதுதான்.